துடைத்தாலும் போகாத புள்ளி: பயர்பாக்ஸ் உலாவி பற்றி ஒரு திருப்பூர்க் கணக்கரின் மதிப்பீடு

திருப்பூரில் நான் கணக்குப் பார்க்கும் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளாக மூன்று கணினிகளில் பயர்பாக்ஸ் உலாவியைப் பயன்படுத்தி வருகிறோம். வங்கிப் பரிமாற்றம், ஜிஎஸ்டி தாக்கல், சுங்கத்துறைக்கான ஷிப்பிங் பில், வெளிநாட்டு பையர்களின் ஆர்டர் தளங்கள் என்று எங்கள் நாளின் பெரும்பகுதி அந்த ஒரு சாளரத்துக்குள்ளேயே கழிகிறது. உலாவியின் வேகத்தையும் தோற்றத்தையும் அளந்து எழுதியவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால் நான் அவற்றுக்குள் போகவில்லை. நான் நிற்கும் இடம் எது என்பதை இந்த உலாவி எனக்கு உண்மையாகச் சொல்கிறதா என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இதை எடைபோடுகிறேன். பணம் அனுப்பும் வேலையில் உட்கார்ந்திருப்பவருக்கு மற்ற வசதிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இந்தக் கேள்வி எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் சனிக்கிழமை வாரக்கூலி. அதனால் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பவர் டேபிள்காரர்கள், செக்கிங், அயர்னிங் காண்ட்ராக்டர்கள், சாயப்பட்டறை, காம்பேக்டிங் என்று அத்தனை பேருடைய பில்லும் பாஸாகிப் பணம் போய்ச் சேர வேண்டும். அது தாமதமானால் மறுநாள் மாலை நூற்றுக்கணக்கான வீடுகளில் அடுப்புக்குச் சாமான் வாங்குவது தடைப்படும். அப்படியொரு வெள்ளிக்கிழமையில், நடப்புக் கணக்கின் விவரங்களை அன்றே புதுப்பிக்காவிட்டால் பரிமாற்றம் நிறுத்தப்படும் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. கணக்குப் பிரிவில் இருக்கும் தங்கை அதிலிருந்த இணைப்பைத் திறந்தார். வங்கியின் பக்கம் வழக்கம்போலவே வந்தது. அதே நீலம், அதே முத்திரை, முகவரிப் பட்டையில் அதே பூட்டுக் குறி. அவர் பயனர் பெயரைப் பாதி அடித்த நிலையில் நிறுத்தி, சுடிதார் துப்பட்டாவின் நுனியால் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்கண்ணா, இந்தப் பொட்டு தொடச்சாலும் போகமாட்டீங்குதுங்க” என்றார்.

எங்கள் அலுவலகத்தில் திரையின் மேல் பஞ்சுத் தூசி படிந்திருப்பது அன்றாடம். பின்னலாடைத் தொழிலில் மூச்சுக்காற்றுக்கு இணையாகப் பஞ்சும் மிதக்கும். ஆகவே வங்கியின் பெயரிலிருந்த ஓர் ஆங்கில எழுத்துக்குக் கீழே மிளகின் கால்வாசி அளவில் ஒரு கரும்புள்ளி இருந்ததை யாராக இருந்தாலும் தூசி என்றுதான் நினைத்திருப்பார்கள். அது தூசி அன்று. அடியில் புள்ளியிட்ட ‘ஏ’ என்பது வியட்நாமிய மொழியில் உள்ள, சாதாரண ‘ஏ’யிலிருந்து முற்றிலும் வேறான ஓர் எழுத்து. அந்த எழுத்தை வைத்துப் பதிவு செய்யப்பட்ட பெயர் வேறு யாருக்கோ சொந்தமானது. “சாளரத்தை மூடு அம்மிணி” என்று நான் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இன்றும் நினைவிருக்கிறது: “பூட்டுத்தான் தெரியுதுங்களேண்ணா?”

பூட்டுக் குறி சொல்வது என்ன என்பதை நாங்கள் இருவரும் அதுவரை தவறாகவே புரிந்துகொண்டிருந்தோம். நம் கணினிக்கும் எதிர்முனைக்கும் இடையிலுள்ள வழி, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, எதிர்முனையில் இருப்பவர் பட்டையில் காணும் அந்தப் பெயருக்குரியவர்தான் என்பதற்கு ஒரு சான்றிதழ் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்தப் பெயர் நாம் தேடி வந்த பெயர்தானா என்பதை அது சொல்வதில்லை. 2015-ஆம் ஆண்டு முதல் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு சான்றிதழ்களை இலவசமாக வழங்கத் தொடங்கியது; இணையம் முழுவதும் மறையாக்கம் பரவியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு, அது நல்ல காரியமே. ஆனால் ஒரு பெயரைப் பதிவு செய்தவர் எவரானாலும் சில நிமிடங்களில் பூட்டைப் பெற்றுவிடலாம் என்ற நிலையும் அதனுடன் சேர்ந்தே வந்தது. நிறுவனத்தின் பெயரைப் பச்சை நிறத்தில் காட்டிய பழைய ஏற்பாட்டை குரோமும் பயர்பாக்ஸும் 2019-இல் முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டன. 2023 செப்டம்பரில் குரோம் பூட்டுக் குறியையே நீக்கி, அந்த இடத்தில் அமைப்புகளைக் குறிக்கும் ஒரு சின்னத்தை வைத்தது. பூட்டைப் பார்த்து மக்கள் தளத்தையே நம்பிவிடுகிறார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பயர்பாக்ஸ் அப்போது பூட்டை எடுக்கவில்லை. எங்கள் தங்கையின் கேள்வியைக் கேட்ட பிறகு, இந்த ஒன்றில் குரோம் எடுத்த முடிவே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுத்துகளை மாற்றி ஏமாற்றும் வழி புதியதன்று. 2005 பிப்ரவரியில் ஷ்மூ என்ற குழுவினர் பேபால் நிறுவனத்தின் பெயரிலுள்ள ஓர் எழுத்தை, பார்வைக்கு அச்சொட்டாக அதைப் போலவே இருக்கும் சிரிலிக் (ரஷ்ய மொழி எழுதப்படும்) எழுத்தால் மாற்றிப் பதிவு செய்து, பயர்பாக்ஸ், ஓபரா, சஃபாரி ஆகிய உலாவிகள் வேறுபாடு காட்டாமல் அதைத் திறப்பதை வெளிப்படுத்தினார்கள். 2017 ஏப்ரலில் ஷூதோங் ஜெங் என்ற ஆய்வாளர் ஆப்பிள் என்ற பெயர் முழுவதையும் சிரிலிக் எழுத்துகளாலேயே எழுதிக் காட்டினார். வெவ்வேறு மொழி எழுத்துகள் ஒரே பெயரில் கலந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று உலாவிகள் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தன. எல்லா எழுத்தும் ஒரே மொழியைச் சேர்ந்தவையாக இருந்ததால் அந்தச் சோதனையை இந்தப் பெயர் தாண்டிவிட்டது. குரோம் தன் 58-ஆம் பதிப்பில் இதைத் தடுத்தது. பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவோ, ஒரு மொழியின் எழுத்துகளால் மட்டும் அமைந்த பெயரை அப்படியே காட்டுவதுதான் அந்த மொழிக்காரருக்குச் செய்யும் நியாயம், மோசடிப் பெயர்களைத் தடுக்க வேண்டியவர்கள் இணையப் பெயர்களைப் பதிவு செய்து தரும் பதிவகத்தார் என்ற நிலையை எடுத்தது. விரும்புகிறவர்கள் மாற்றிக்கொள்ள ஓர் அமைப்பையும் உள்ளே வைத்திருக்கிறது: அபவுட் கான்ஃபிக் என்ற உள் அமைப்புகள் பக்கத்தில் நெட்வொர்க் ஐடிஎன் ஷோ ப்யூனிகோடு என்பதை இயக்கிவிட்டால், அடிப்படை ஆங்கில எழுத்துகளுக்கு அப்பாற்பட்ட ஒரே ஓர் எழுத்து இருந்தாலும் போதும், முகவரி எக்ஸ், என் என்று தொடங்கி இரண்டு கோடுகளுடன் படிக்கவே முடியாத எழுத்துக் குவியலாகத் தெரியும். எங்கள் மூன்று கணினிகளிலும் அதை இயக்கி வைத்திருக்கிறேன். அடியில் புள்ளியிட்ட எழுத்து இனி எங்கள் திரையில் தூசியைப் போல ஒளிந்துகொள்ள முடியாது.

இதற்கு நான் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். ‘.இந்தியா’ என்று தமிழிலேயே முடியும் இணையப் பெயர்கள் இருக்கின்றன; ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்பனவும் இருக்கின்றன. முகவரிப் பட்டையில் தமிழைப் பார்ப்பது எனக்கு மகிழ்ச்சி தருவது. இந்த அமைப்பை இயக்கியதும் அவை எல்லாமே எக்ஸ் என் குவியலாக மாறிவிட்டன. மொசில்லாவின் நிலைப்பாட்டில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாமல் இருப்பதும் இதனால்தான். ஆங்கிலம் மட்டுமே பாதுகாப்பானது, பிற மொழி எழுத்தெல்லாம் சந்தேகத்துக்குரியது என்று ஓர் உலாவி முன்கூட்டியே முடிவு செய்தால் நாம்தான் முதலில் புண்படுவோம். அதே வேளையில் தமிழுக்குள்ளேயே இந்தச் சிக்கல் இருப்பதையும் நாம் அறிவோம். தமிழ் எண் ௧ உயிர்மெய் க-வைப் போலவும், ௨ உகரத்தைப் போலவும், ௭ எகரத்தைப் போலவும், ௮ அகரத்தைப் போலவும் இருக்கின்றன. துணைக்காலையும் ரகரத்தையும் பிரித்தறிய முடியாமல் திண்ணைப் பள்ளிக் காலத்திலிருந்தே நாம் தடுமாறியிருக்கிறோம். சிறிய எழுத்துரு அளவில், மங்கலான திரையில், வெள்ளிக்கிழமை மதியத்தின் அவசரத்தில் எந்தக் கண்ணும் இதைப் பிரித்துப் படிக்காது. வங்கி வேலை நடக்கும் கணினியில் எக்ஸ் என் குவியல் இருக்கட்டும், தமிழ்ப் பெயர்களை என் சொந்த மடிக்கணினியில் பார்த்துக்கொள்கிறேன் என்று பிரித்துக்கொண்டேன். இந்த அமைப்பை யாரும் தேடாத ஒரு பக்கத்தில் புதைத்து வைத்திருப்பதுதான் பயர்பாக்ஸின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை. சாதாரண அமைப்புகள் பக்கத்தில் ஒரு வரியாக இருந்திருந்தால், எங்கள் தெருவில் உள்ள சின்னச் சின்ன யூனிட்டுகளும் அதைப் பயன்படுத்தியிருக்கும்.

இதுவரை சொன்னது கண் ஏமாறுவது. உலாவியே ஏமாறுவது என்று இன்னொன்று இருக்கிறது. அதில் முகவரி ஓர் எழுத்துப் பிசகாமல் சரியாகவே காட்டப்படும், பக்கம் மட்டும் பொய்யாக இருக்கும். 2003 டிசம்பரில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் வெளிப்பட்ட குறை இந்த வகையின் பழைய உதாரணம். முகவரியில் அட் குறிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் செருகினால், அதற்குப் பின்னால் இருந்த உண்மையான தளத்தின் பெயர் பட்டையிலிருந்து மறைந்து, முன்னால் எழுதிய பொய்ப் பெயர் மட்டும் நின்றது. 2004 பிப்ரவரியில்தான் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது.

ஆனால் நான் அதிகம் யோசித்தது 2020 ஜனவரியில் வெளியான குறையைப் பற்றித்தான். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை கண்டுபிடித்து மைக்ரோசாஃப்டுக்குத் தெரிவித்த, விண்டோஸ் 10-இன் சான்றிதழ் சரிபார்ப்பில் இருந்த அந்தப் பிழைக்குக் கர்வ்பால் என்று ஆய்வாளர்கள் பெயரிட்டார்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியை வைத்துச் சொன்னால் இது எளிதில் விளங்கும். மூட்டையைத் தராசில் ஏற்றுகிறார்கள். முள் நேராக நிற்கிறது. குறிப்பிட்ட எடை இருக்கிறது என்று எழுதிக்கொள்கிறார்கள். மறுதட்டில் இருந்த படிக்கல்லை விற்க வந்தவரே கொண்டுவந்திருந்தால் அந்த எடைக்கு என்ன பொருள்? நீள்வட்ட வளைவு என்ற கணித முறையில் அமைந்த சான்றிதழில், பொதுவில் அறியப்பட்ட ஓர் அடிப்படைப் புள்ளியைக் கொண்டு கணக்கிட்டுத்தான் பொதுச்சாவி (எல்லோரும் காணும்படி சான்றிதழில் இருக்கும் எண்) உருவாக வேண்டும். விண்டோஸ், வந்திருக்கும் பொதுச்சாவி தான் நம்பும் மூலச் சான்றிதழின் (மற்றச் சான்றிதழ்களுக்கு உறுதி தரும் தலைச் சான்றிதழின்) பொதுச்சாவியோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தது; அடிப்படைப் புள்ளி எது என்று சரிபார்க்கவில்லை. தாக்குபவர் தமக்கு வசதியான புள்ளியைத் தாமே தேர்ந்தெடுத்து, அதே பொதுச்சாவியை வரவழைத்து, எந்தத் தளத்தின் பெயரிலும் சான்றிதழ் எழுதிக்கொள்ள முடிந்தது. ஜனவரி 14 அன்று திருத்தம் வெளியானது. ஓரிரு நாட்களுக்குள் ஆய்வாளர்கள் போலிச் சான்றிதழைச் செய்தே காட்டிவிட்டார்கள். குரோமும் எட்ஜும் சான்றிதழைச் சரிபார்க்க விண்டோஸை நம்பியிருந்ததால் திருத்தம் ஏறாத கணினிகளில் அவையும் ஏமாந்தன. பயர்பாக்ஸ் ஏமாறவில்லை.

காரணம், பயர்பாக்ஸ் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிரலையும், எந்தெந்த மூலச் சான்றிதழ்களை நம்பலாம் என்ற பட்டியலையும் தன்னிடமே வைத்திருக்கிறது. 2014 ஜூலையில் நம் நாட்டிலேயே இதன் பலன் தெரிந்தது. தேசியத் தகவலியல் மையத்தின் சான்றிதழ்கள் வழியாகக் கூகுளின் தளங்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்ததைக் கூகுள் கண்டறிந்தது. அந்த மையத்துக்கு மேலே இருந்த இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழ் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்தது. மொசில்லாவின் பட்டியலில் இல்லை. ஆகவே பயர்பாக்ஸ் பயன்படுத்தியவர்களை அது தொடவில்லை. தன் பட்டியலைத் தானே வைத்துக்கொள்ளும் இந்த வழக்கத்தைப் பின்னர் குரோமும் 2022 முதல் மேற்கொண்டது. ஆனால் தன் வீட்டுப் பூட்டைத் தானே செய்பவரின் பூட்டில் பழுது வராது என்று பொருள் இல்லை: 2014 செப்டம்பரில் மொசில்லாவின் அந்தச் சொந்த நிரலிலேயே, போலிக் கையொப்பத்தை உண்மை என ஏற்றுக்கொள்ளும் பிழை ஒன்று வெளிப்பட்டு, பயர்பாக்ஸும் குரோமும் அவசரமாகத் திருத்தம் வெளியிட நேர்ந்தது.

பயர்பாக்ஸில் நான் மனமாரப் பாராட்டுவது அதன் கடவுச்சொல் சேமிப்பை. எங்கள் தொழிலில் பலர் இதைப் பயப்படத்தக்க வசதியாகவே பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் சேமித்த கடவுச்சொல்லை எந்த முகவரிக்கு உரியதென்று உலாவி பதிந்துகொள்கிறதோ அந்த முகவரியில் மட்டும்தான் அது தானாக நிரப்புகிறது. புள்ளியிட்ட எழுத்தும் புள்ளியற்ற எழுத்தும் அதற்கு வேறு வேறு. ஏனென்றால் அது உருவத்தைப் பார்ப்பதில்லை, ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் எண்ணைப் பார்க்கிறது. ஒரு முதன்மைக் கடவுச்சொல்லால் அந்தச் சேமிப்பைப் பூட்டி வைத்தோம். பழக்கமான பக்கத்தில் பெட்டிகள் காலியாக நின்றால் கையால் அடிக்கக் கூடாது, என்னைக் கூப்பிட வேண்டும் என்பது இப்போது எங்கள் அலுவலக நடைமுறை. கர்வ்பால் போன்ற குறையில் முகவரியே சரியாக இருக்குமாகையால் இந்தக் காவலும் அங்கே உதவாது. அதற்கு உடனுக்குடன் அப்டேட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. பயர்பாக்ஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது, ஆனால் மூடித் திறந்தால்தான் புதிய பதிப்பு நடைமுறைக்கு வரும். திங்கள் முதல் சனி வரை கணினியை அணைக்காமலே ஓட்டும் எங்கள் ஊர் வழக்கத்தில் இது ஒரு ஓட்டை. தினமும் மாலை டீ நேரத்தில் ஒரு முறை மூடித் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.

எச்சரிக்கைப் பக்கம் பற்றி ஒரு வார்த்தை. சான்றிதழில் ஏதேனும் பொருந்தாவிட்டால் பயர்பாக்ஸ் முழுத்திரையில் தடுத்து நிறுத்துகிறது; அதைத் தாண்டிப் போக இரண்டு முறை அழுத்த வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் டிஎஸ்சி டோக்கனை (டிஜிட்டல் கையொப்பம் இடும் சிறு கருவி) கணினியில் இயக்குவதற்கான ஒரு துணைச் செயலியை நிறுவியபோது, அதனுடன் வந்த வழிகாட்டிக் குறிப்பே அந்த எச்சரிக்கையை மீறி ஏற்றுக்கொள்ளும்படி சொன்னது. நம் கணினிக்குள்ளேயே பேசிக்கொள்ளும் செயலி என்பதால் அந்த ஓரிடத்தில் அதனால் கெடுதல் இல்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்த புதிய பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? எச்சரிக்கை வந்தால் இங்கே அழுத்திவிட்டுப் போக வேண்டும் என்றுதான் அவர் கற்றுக்கொண்டிருப்பார். இதற்காக நான் உலாவியைக் குறை சொல்லவில்லை.

கைபேசியில் என் மதிப்பீடு வேறு. எங்கள் முதலாளி அவிநாசி சாலையில் காரில் போகும்போதே பரிமாற்றங்களுக்கு ஒப்புதல் கொடுப்பார். கைபேசியின் குறுகிய பட்டையில் நீண்ட முகவரி முழுதாகத் தெரிவதில்லை. வங்கியின் பெயரை முன்னால் போட்டு, உண்மையான தளத்தின் பெயரைக் கடைசியில் வைத்தால், முன்பகுதியை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். 2019 ஏப்ரலில் ஜிம் ஃபிஷர் என்ற நிரலாளர், பக்கத்தைக் கீழே தள்ளும்போது கைபேசிக் குரோமில் முகவரிப் பட்டை மறைவதைப் பயன்படுத்தி, அந்த இடத்தில் படமாக வரைந்த போலிப் பட்டையை வைக்க முடியும் என்று காட்டினார். 2020 அக்டோபரில் ரஃபே பலோச் என்ற பாகிஸ்தானிய ஆய்வாளர், சஃபாரி, யூசி, ஓபரா மினி உள்ளிட்ட ஏழு கைபேசி உலாவிகளில் முகவரிப் பட்டையையே பொய் சொல்ல வைக்க முடிந்ததை வெளியிட்டார். அந்தப் பட்டியலில் பயர்பாக்ஸ் இல்லைதான். ஆனாலும் ஐந்து அங்குலத் திரையில் ஒரு பெயரின் கடைசிப் புள்ளி வரை படித்துப் பார்ப்பது என்பது மனிதரால் ஆகிற காரியம் அன்று என்பதால், எந்தக் கைபேசி உலாவியிலும் வங்கி வேலை செய்ய வேண்டாம் என்றே முதலாளியிடம் சொன்னேன். இப்போது வங்கியின் சொந்தச் செயலியில் மட்டும் ஒப்புதல் தருகிறார்.

கட்டிங் பிரிவில் பார்கோடு அச்சிடும் பழைய விண்டோஸ் 7 கணினி ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கான பொது ஆதரவை 2020 ஜனவரி 14-இல் நிறுத்திவிட்டது. குரோமின் 109-ஆம் பதிப்போடு அதற்கான ஆதரவு முடிந்தது. பயர்பாக்ஸ் தன் 115-ஆம் நீண்டகாலப் பதிப்பின் வழியே அதற்குப் பிறகும் திருத்தங்கள் தந்தது. அந்த அக்கறை பாராட்டத்தக்கது. ஆயினும் அடித்தளமே இற்றுப்போன வீட்டில் கதவை மட்டும் மாற்றிப் பயனில்லை என்று அதன் இணைய இணைப்பை எடுத்துவிட்டோம்.

ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் எல்லா வங்கிகளும் அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. அந்த முடிவுள்ள பெயர் வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால், முகவரியின் வால்பகுதியைப் பார்த்தே ஓரளவு தெளிவு பெறலாம். கணினி பயர்பாக்ஸில் தளத்தின் முதன்மைப் பெயர் மட்டும் அடர்ந்த நிறத்திலும் மற்றவை மங்கலாகவும் தெரிவதால் அந்த வாலைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. எங்கள் தங்கை இப்போது வங்கியின் பெயரை இடமிருந்து படிப்பதில்லை. முதல் சாய்வுக்கோட்டைத் தேடி, அங்கிருந்து பின்னோக்கி வலமிருந்து இடமாகப் படிக்கிறார். அதை நான் சொல்லித்தரவில்லை, அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.

கணினிக்குப் பயர்பாக்ஸையே தொடர்வது என்று முடிவு செய்திருக்கிறோம். ப்யூனிகோடு அமைப்பும், எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க இணைப்பு இல்லாத தளங்களைத் தடுக்கும் அமைப்பும், முதன்மைக் கடவுச்சொல்லும் இயக்கப்பட்ட நிலையில் மட்டும். நிறுவியபடியே விட்டுவிட்டால், எங்களை அன்று காப்பாற்றியிருக்கக்கூடிய பெரிய வித்தியாசம் எதையும் அது தந்திருக்காது. அந்த வெள்ளிக்கிழமை வந்த மின்னஞ்சல் பற்றி 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் தெரிவித்தோம். வாரக்கூலி அன்று ஒரு மணி நேரம் தாமதமாகப் போனது.